வேடத்தை யார் அறிவார்? திரைப்படத்தில் எதிர்பால் உடையும் பாலினத்தைக் காணும் கண்ணும்

1959ஆம் ஆண்டு வெளிவந்த 'சம் லைக் இட் ஹாட்' என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படத்தில், கொலைக் கும்பல் ஒன்றிடமிருந்து தப்பியோடும் இரண்டு இசைக் கலைஞர்கள் பெண் வேடமிட்டு ரயில் நிலையத்துக்கு வருகிறார்கள். கேமரா முதலில் அவர்களுடைய முகங்களைக் காட்டுவதில்லை. உயர்குதிக் காலணிகளில் தடுமாறி நடக்கும் கால்களைத்தான் காட்டுகிறது. சற்று நேரத்தில் மர்லின் மன்றோ ஏற்ற பாத்திரம் அவர்களைக் கடந்து செல்கிறது. ஜாக் லெமன் நடித்த பாத்திரம் அந்த நடையைக் கண்டு திகைத்து நிற்கிறது. பாவாடையும் பொய்முடியும் உதட்டுச் சாயமும் இருந்தும் இந்த நடை தமக்கு வரவில்லையே என்பது அவருடைய திகைப்பு. நகைச்சுவைக்காக எழுதப்பட்ட அந்தச் சில நொடிகளில் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது: ஒருவரைப் பெண் என்றோ ஆண் என்றோ நாம் அறிந்துகொள்வது எதைக் கொண்டு?

அன்றாட வாழ்வில் இந்தக் கேள்வியை நாம் எழுப்புவதே இல்லை. எதிரே வருபவரைப் பார்த்த கணத்திலேயே முடிவு செய்துவிடுகிறோம். அப்படி ஒரு முடிவை எடுத்தோம் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. உடை, முடியின் நீளம், குரலின் உயரம், நடக்கும் விதம், உட்காரும்போது எடுத்துக்கொள்ளும் இடம், பேசும்போது பார்வை தங்கும் திசை ஆகிய பல குறிகளை ஒரே நொடியில் சேர்த்துப் படித்து, அந்தக் கூட்டலின் விடையை அந்த மனிதரின் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம். எதிர்பால் உடை, அதாவது ஒரு பாலினத்துக்கு உரியது என்று சமூகம் ஒதுக்கிவைத்த உடையையும் ஒப்பனையையும் உடல்மொழியையும் வேறொரு பாலினத்தவராக அறியப்பட்டவர் மேற்கொள்வது, இந்தக் கூட்டலைக் கலைத்துப் போடுகிறது. குறிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும்போதுதான் நாம் இத்தனை காலமும் குறிகளைப் படித்துக்கொண்டிருந்தோம் என்பதே நமக்கு உறைக்கிறது. திரைப்படம் பார்ப்பதற்கான கலை என்பதால், இந்தக் கலைப்பு வேறு எங்கும் நிகழ்வதைவிட அங்கே கூர்மையாக நிகழ்கிறது.

இந்தப் பேச்சில் அடிக்கடி ஒன்றோடொன்று குழம்பும் சிலவற்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பிறக்கும்போது உடலைக் கொண்டு குறிக்கப்படும் பால் ஒன்று. தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டவராகவோ ஒருவர் உணரும் பாலின அடையாளம் மற்றொன்று. அந்த அடையாளத்தை, அல்லது வேறொன்றை, உடையாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது மூன்றாவது. யார்மீது காதல் பிறக்கிறது என்பது நான்காவது. அது முந்தைய மூன்றிலிருந்தும் தனியானது. எதிர்பால் உடை மூன்றாவதைச் சேர்ந்த செயல். அதைக் கொண்டு மட்டும் ஒருவருடைய அடையாளத்தையோ விருப்பத்தையோ ஊகிக்க முடியாது. ஆனால் திரைப்படங்கள் ஏறத்தாழ நூறாண்டுகளாக இந்த ஊகத்தைத்தான் செய்துவந்திருக்கின்றன. சில படங்கள் அறியாமல் செய்தன, சில அறிந்தே செய்தன.

பாலினம் பற்றிய சிந்தனையில் ஜூடித் பட்லர் என்னும் அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1990இல் முன்வைத்த கருத்து இங்கே பெரிதும் உதவும். பாலினம் நமக்குள் ஆழத்தில் இருந்து வெளியே கசியும் ஒரு சாரம் அன்று. திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல்களின் வழியாகவே அது ஒரு சாரம்போலத் தோற்றம் கொள்கிறது என்றார் அவர். பெண் வேடமிட்ட ஆண் மூலப் பிரதி ஒன்றைப் போலி செய்கிறார் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அந்த மூலமும் பழகிப்பழகி உருவானதே என்பதை அந்த வேடம் காட்டிக்கொடுக்கிறது. இதைப் படித்த பலர், காலையில் எழுந்து அலமாரியைத் திறந்து அன்றைக்கு வேண்டிய பாலினத்தை எடுத்து உடுத்திக்கொள்ளலாம் என்று அவர் சொல்வதாகப் புரிந்துகொண்டனர். 1993இல் எழுதிய அடுத்த நூலில் அவரே அதை மறுத்தார். இந்தச் செயல்கள் நம் விருப்பப்படி தேர்ந்தெடுப்பவை அல்ல. நாம் பிறப்பதற்கு முன்பிருந்தே நடப்பில் உள்ள விதிகள் நம்மை அவற்றைச் செய்ய வைக்கின்றன, மீறுவோருக்குத் தண்டனையும் காத்திருக்கிறது. தண்டனையைப் பற்றிய இந்தப் பகுதியை மறந்துவிட்டு எதிர்பால் உடையைப் பற்றிப் பேசினால், பேச்சு வெறும் வேடிக்கையாகவே முடியும்.

திரையில் எதிர்பால் உடையைப் புரிந்துகொள்ள நான் பரிந்துரைக்கும் வழி எளிமையானது. ஒரு படத்தில் இரண்டு வகைப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள்: கதைக்குள் இருக்கும் பாத்திரங்கள், அரங்கில் அமர்ந்திருக்கும் நாம். வேடத்தைப் பற்றி இவர்களில் யாருக்கு, எப்போது தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு படம் சிரிக்க வைக்கிறதா, அஞ்ச வைக்கிறதா, ஒரு மனிதரை அறிய வைக்கிறதா என்பதைப் பெரும்பாலும் அந்த விடையே தீர்மானிக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த வேடம்

தொடக்ககால இந்தியத் திரைப்படத்தில் வேடம் ரகசியமாக இருக்கவில்லை. தாதாசாகேப் பால்கே 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வை எடுத்தபோது பெண்கள் நடிக்க முன்வராததால், அண்ணா சாளுங்கே என்னும் இளைஞர் அரசி தாராமதியாக நடித்தார். அவரே 1917இல் 'லங்கா தகன'த்தில் இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். கதைக்குள் இருப்பவர்களுக்கு அவர் சீதை. அரங்கில் இருப்பவர்களுக்கு அவர் சீதையாக நடிக்கும் ஆண். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை, ஏனெனில் அது மேடையிலிருந்து வந்த ஒப்பந்தம். தமிழ் நாடக மேடையில் பெண் பாத்திரம் ஏற்கும் ஆண்களான ஸ்திரீபார்ட் நடிகர்களைக் கண்டு பழகிய கண்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை.

மேடைக்கும் திரைக்கும் இடையிலான தொலைவு இந்த ஒப்பந்தத்தை விரைவில் முறித்தது. நாடகத்தில் பார்வையாளர் தம் இருக்கையிலிருந்து ஓர் உருவத்தைக் காண்கிறார். திரையில் குளோசப் அவரை முகத்தின் தோல்வரை கொண்டுசெல்கிறது. கேமரா இவ்வாறு அளவுக்கு மீறிப் பார்ப்பதற்கு 'சம் லைக் இட் ஹாட்' படமே சான்று. வண்ணத்தில் எடுத்துப் பார்த்த சோதனைக் காட்சிகளில் நடிகர்களின் கனத்த ஒப்பனை பச்சைபாய்ந்து தெரிந்ததால், இயக்குநர் பில்லி வைல்டர் அதைக் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். பெண் பாத்திரங்களுக்குப் பெண்கள் கிடைக்கத் தொடங்கியதும், உண்மைத் தோற்றத்தைக் கோரும் திரையில் ஸ்திரீபார்ட் மரபு அருகிப்போனது.

ஆனால் இதற்கு நேர்மாறான ஒரு மரபு தமிழ்த் திரையில் சிறிது காலம் செழித்தது. அது போதிய கவனம் பெறவில்லை என்பது என் எண்ணம். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். 1941இல் வெளிவந்த 'சாவித்திரி'யில் நாரதராக நடித்தவர் எம். எஸ். சுப்புலட்சுமி. இவ்விரண்டிலும் பெண் ஆணாக மாறுவேடம் போட்டார் என்ற கதை எதுவும் இல்லை. பார்வையாளரும் ஏமாற்றப்படவில்லை, நாரதரின் முகத்தில் எம். எஸ். இருப்பது அனைவருக்கும் தெரியும். அங்கே பாத்திரத்தை நிறுவியது உடையோ நடையோ அன்று, குரலும் பாட்டும்தான். பக்தனின் உருக்கத்தை அந்தக் குரல் ஏந்தி வந்தபோது அது ஆண் குரலா பெண் குரலா என்ற வினாவுக்கு இடமில்லாமல் போனது. பாலினத்தைப் படிக்கும் குறிகளில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பது நிலையானதன்று; காலமும் கலை வடிவமும் மாறும்போது அந்த மதிப்பும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஜப்பானில் 1629ஆம் ஆண்டு பெண்கள் கபுகி என்னும் மரபு நாடக மேடையிலிருந்து விலக்கப்பட்ட பிறகு, பெண் பாத்திரங்களை ஏற்கும் ஆண் நடிகர்களின் மரபு தனிக்கலையாக வளர்ந்தது. கோன் இச்சிகாவா 1963இல் இயக்கிய 'ஓர் நடிகனின் பழிவாங்கல்' என்னும் படத்தில் கசுவோ ஹசேகாவா அத்தகைய நடிகராகவும், முரட்டுத் திருடன் ஒருவனாகவும் இரட்டை வேடத்தில் தோன்றுகிறார். மேடையை விட்டு இறங்கிய பிறகும் அந்த நடிகர் பெண் உடையிலேயே, பெண்ணின் மென்குரலிலேயே வாழ்கிறார். பெண்கள் அவரைக் காதலிக்கிறார்கள். கதைக்குள் ஒருவரும் அதைக் கண்டு வியப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த வேடம் யாரையும் சிரிக்க வைக்காது என்பதை இந்தப் படம் எனக்கு உணர்த்தியது.

நமக்கு மட்டும் தெரிந்த வேடம்

வேடம் சிரிப்பாக மாறுவதற்குக் கதை மாந்தருக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாறுவேட நகைச்சுவைப் படங்கள் பலவும் ஒரே தடத்தில் செல்கின்றன. முதலில் வேடத்துக்கு ஒரு கட்டாயம் காட்டப்படும்: உயிருக்கு ஆபத்து, வேலையின்மை, பிரிந்த குழந்தை. நாயகன் விருப்பத்தால் பெண் உடையை அணியவில்லை என்று நமக்கு உறுதியளிப்பதே அந்தக் கட்டாயத்தின் பணி. அடுத்து, நம் கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரியும் வேடத்தைக் கதை மாந்தர்கள் நம்புவார்கள். அவர்கள் நம்புகிறார்கள் என்பதற்கான ஆதாரம் வேடமிட்டவரின் முகத்தில் இருப்பதில்லை. எதிரே நிற்பவரின் முகத்துக்குக் காட்சி மாறும்போது அங்கே தெரியும் மரியாதையிலோ மயக்கத்திலோ இருக்கிறது. பாலினம் பார்ப்பவரின் பக்கத்தில் முழுமை பெறும் ஒன்று என்பதைப் படத்தொகுப்பு இப்படிச் சொல்லாமல் சொல்கிறது. இறுதியில் வேடம் களையப்படும், நாயகனும் நாயகியும் சேர்வார்கள், குலைந்த ஒழுங்கு பழைய இடத்துக்குத் திரும்பும்.

இந்தத் தடத்தைத் தமிழ்ப் பார்வையாளர் 'அவ்வை சண்முகி' (1996) வழியாக நன்கு அறிவர். மனைவியைப் பிரிந்த பாண்டியன் தன் மகளின் அருகில் இருப்பதற்காகச் சண்முகி மாமியாக மாறி மாமனார் வீட்டில் வேலைக்குச் சேர்கிறான். 1993இல் வெளிவந்த 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்திலும் ஏறத்தாழ இதே சூழ்நிலை. இவ்விரண்டு வேடங்களும் வயதான பெண்ணையே, அதுவும் பிள்ளை பார்க்கும் பணியில் இருக்கும் பெண்ணையே தேர்ந்தெடுப்பது தற்செயல் அன்று. இளம்பெண்ணின் உடலை உலகம் ஆராய்ந்து பார்க்கும். மூத்த பணிப்பெண்ணின் உடலைப் பார்க்காமல் கடந்துவிடும். சண்முகியின் மடிசார் கட்டு இன்னொரு வேலையும் செய்கிறது. அது அவரைப் பெண் என்று மட்டும் சொல்வதில்லை. இன்ன சாதிப் பெண், இன்ன வயதுப் பெண், இந்த வீட்டுக்குள் அனுமதிக்கத் தக்க பெண் என்று ஒரே மூச்சில் சொல்கிறது. பாலினத்தை நாம் தனியாகப் படிப்பதே இல்லை. சாதியோடும் வர்க்கத்தோடும் வயதோடும் பிணைத்தே படிக்கிறோம். மாறுவேடம் வெற்றி பெறுவது அந்த முழு முடிச்சையும் சரியாகப் போடும்போதுதான்.

இவ்வகைப் படங்களை வெறும் கேலி என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒழுங்கு திரும்புவதற்கு முன்பான அந்த இடைவேளையில், படம் தானே எதிர்பாராத இடங்களுக்குச் சென்றுவிடுவதுண்டு. 'சம் லைக் இட் ஹாட்' படத்தில் ஜாக் லெமனின் பாத்திரம், கோடீசுவரர் ஒருவருடன் இரவு முழுவதும் நடனமாடிவிட்டுத் தனக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது என்று பூரித்துப்போய் அறிவிக்கிறது. நண்பன் நினைவூட்டிய பிறகு, தான் ஆண்தான் என்பதைத் தனக்குத் தானே சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது. பெண்ணாக இருக்கப் பழகியதைப் போலவே ஆணாக இருப்பதையும் பழக வேண்டியிருப்பதை அந்தக் காட்சி போகிறபோக்கில் வெளிச்சமிட்டுவிடுகிறது. படத்தின் முடிவில் பொய்முடி கழற்றப்பட்ட பின்னும் அந்தக் கோடீசுவரரின் காதல் அசைவதில்லை. அமெரிக்கத் திரையுலகின் அன்றைய ஒழுக்கக் குழுவின் ஒப்புதல் இல்லாமலேயே இந்தப் படம் வெளிவந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

மாறாக, 1982இல் வந்த 'விக்டர் விக்டோரியா' அத்தனை தூரம் துணிவதில்லை. ஆணாக நடித்து, அந்த ஆண் பெண்ணாக நடிப்பதாகக் காட்டிக்கொள்ளும் பாடகிமீது ஒருவர் காதல் கொள்கிறார். அவள் பெண்தான் என்பதை மறைந்திருந்து உறுதி செய்துகொண்ட பிறகே அவரை முத்தமிட அனுமதிக்கிறது கதை. அந்த உறுதி இல்லாமலேயே அவர் காதலை ஏற்றிருந்தால் அது எவ்வளவு பெரிய படமாகியிருக்கும் என்ற ஏக்கம் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு எழுகிறது.

அதே ஆண்டில் வந்த 'டூட்ஸி'யில் வேலை கிடைக்காத நடிகர் ஒருவர் பெண்ணாக மாறித் தொலைக்காட்சித் தொடரில் புகழ் பெறுகிறார். ஆண் ஒருவன் பெண் உடை உடுத்திச் சில வாரங்களில் பெண்ணுரிமையின் குரலாகிவிடுகிறான், உண்மையான பெண்கள் அவனிடம் பாடம் கேட்கிறார்கள் என்று பெண்ணியர்கள் இதை விமர்சித்தனர். அந்த விமர்சனம் நியாயமானதே. ஆயினும் நாயகனாக நடித்த டஸ்டின் ஹாஃப்மன் பல்லாண்டுகளுக்குப் பின் ஒரு நேர்காணலில் கூறியது குறிப்பிடத்தக்கது. ஒப்பனைச் சோதனையில் தம்மை இன்னும் அழகாக்க முடியுமா என்று கேட்டபோது இதற்கு மேல் முடியாது என்ற பதில் வந்ததாம். அழகில்லை என்பதாலேயே தாம் பேசிப் பழகாமல் ஒதுக்கிய எத்தனையோ பெண்களை அப்போது நினைத்துக் கண் கலங்கியதாக அவர் சொன்னார். பார்க்கும் இடத்திலிருந்து பார்க்கப்படும் இடத்துக்கு மாறியதால் கிடைத்த அறிவு அது.

பெண் ஆணுடை அணியும்போது

ஆண் பெண்ணுடை அணிவதும் பெண் ஆணுடை அணிவதும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்று நினைத்தால் தவறாகிவிடும். ஏற்றத்தாழ்வுள்ள சமூகத்தில் முன்னவர் படியிறங்குவதாகக் கருதப்படுகிறார், பின்னவர் படியேறுவதாக. அதனால்தான் முதலாவது எளிதில் சிரிப்புக்குரியதாகவும், இரண்டாவது கம்பீரமாகவோ கடும் துயரமாகவோ காட்டப்படுகிறது. 1930இல் வந்த 'மொராக்கோ'வில் மார்லீன் டீட்ரிக் ஆணின் கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்து கேளிக்கை விடுதியில் பாடி, அங்கிருந்த ஒரு பெண்ணின் இதழில் முத்தமிடுகிறார். அரங்கம் சிரிப்பதில்லை, மயங்குகிறது. 1934 முதல் அமெரிக்கத் திரைப்பட ஒழுக்க விதிகள் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்த பிறகு அத்தகைய காட்சிகள் அங்கே அரிதாயின.

துயரத்தின் பக்கத்துக்கு ஈரானிய, ஆப்கானியப் படங்கள் சான்று தருகின்றன. சித்திக் பர்மாக்கின் 'ஒசாமா'வில் (2003), தாலிபான் ஆட்சியில் பெண்கள் வேலைக்குப் போக முடியாததால் ஒரு சிறுமியின் முடியை வெட்டிச் சிறுவனாக்கி அனுப்புகிறது குடும்பம். ஜாபர் பனாஹியின் 'ஆஃப்சைட்' (2006) கால்பந்து ஆட்டம் காண ஆணுடையில் மைதானத்துக்குள் புக முயன்று பிடிபட்ட பெண்களைப் பற்றியது. அவர்களில் ஒருத்தி கழிப்பறைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. அங்கே பெண்களுக்கான கழிப்பறை இல்லை. ஆண்கள் அவளை அடையாளம் காணக்கூடாதென்று, கால்பந்து வீரர் ஒருவரின் படத்தை முகமூடியாக்கி அவள் முகத்தில் மாட்டி அழைத்துச் செல்கிறான் காவலுக்கு நிற்கும் படைவீரன். பாலினத்தைக் கட்டிக்காக்கும் அதிகாரமே இங்கே பாலினத்தை மறைக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது.

இந்த வரிசையில் தொடக்கநிலைப் பார்வையாளர் ஒருவர் ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், மஜித் மஜிதியின் 'பாரன்' (2001) படத்தையே நான் சொல்வேன். ஈரானின் கட்டுமானத் தளம் ஒன்றில் ஆப்கானிய அகதி ஒருவர் விழுந்து காலை முறித்துக்கொள்ள, அவருக்குப் பதிலாக ரஹ்மத் என்னும் மெலிந்த சிறுவன் வேலைக்கு வருகிறான். கனமான சுமைகளைத் தூக்க அவனால் முடியவில்லை. ஆகவே தேநீர் கொடுக்கும் எளிய வேலை அவனுக்கு மாற்றித் தரப்படுகிறது. அதுவரை அந்த வேலையைச் செய்துவந்த லத்தீஃப் கொதித்துப்போய் ரஹ்மத்தைப் பலவாறு துன்புறுத்துகிறான். பிறகு ஒருநாள், திரைச்சீலைக்கு அப்பால் ரஹ்மத் நீண்ட கூந்தலை வாரிக்கொண்டிருப்பது லத்தீஃபின் கண்ணில் படுகிறது. அன்று முதல் அவன் வேறு மனிதன். அவளை யாரும் அறியாமல் காப்பதே அவன் வாழ்க்கையாகிறது.

இந்தக் காட்சிக்கு முன்பும் பின்பும் எதிரே நிற்கும் மனிதரிடம் எந்த மாற்றமும் இல்லை. அதே மெலிந்த தோள், அதே மௌனம், அதே அழுக்கு உடை. படம் முழுவதும் அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. மாறியது லத்தீஃபின் பார்வை மட்டுமே. சிறுவனிடம் கோழைத்தனமாகத் தெரிந்த மெலிவு, பெண் என்று அறிந்ததும் இரக்கத்துக்குரியதாகிறது. முன்பு எரிச்சலூட்டிய மௌனம் இப்போது நாணமாகிறது. படத்தை முதன்முறை பார்த்தபோது அவனுடைய காதலில் நெகிழ்ந்தேன். மறுமுறை பார்த்தபோது வேறொரு கேள்வி என்னைக் குடைந்தது: அவள் உண்மையிலேயே ரஹ்மத் என்னும் சிறுவனாகவே இருந்திருந்தால் அந்த அகதியின் துயரம் லத்தீஃபுக்கு எப்போதாவது கண்ணில் பட்டிருக்குமா? பாலினத்தை அறிவது வெறும் தகவலை அறிவதன்று, ஒருவரிடம் எதைக் காண வேண்டும் என்று முன்கூட்டியே பெறப்படும் ஆணை என்பதை இவ்வளவு மென்மையாகச் சொன்ன படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

யாருக்கும் தெரியாமல் வைத்து வெளிப்படுத்துவது

நமக்கும் தெரியாமல் மறைத்துவைத்துத் திடீரென வெளிப்படுத்தும்போது வேடம் அச்சமாகிறது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) இதன் முன்மாதிரி: பெண் உடையில் தோன்றும் கொலையாளி, இறுதியில் கழன்று விழும் பொய்முடி. அந்தப் படத்தின் முடிவில் ஒரு மனநல மருத்துவர், இது எதிர்பால் உடை அணியும் பழக்கத்தால் விளைந்ததன்று என்று வெளிப்படையாகவே விளக்குகிறார். 1991இல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' படத்திலும், கொலையாளி உண்மையில் பால்மாறியவர் அல்லர் என்று வசனம் இருக்கிறது. இரண்டு படங்களிலும் அந்த விளக்கங்கள் யார் நினைவிலும் தங்கவில்லை. பெண் வேடமிட்ட கொலையாளியின் உருவம் மட்டும் தங்கியது. வசனம் மறுத்ததைப் படிமம் நிலைநாட்டிவிட்டது. பின்னர் பல நாடுகளின் படங்களில் வில்லனுக்குப் பெண்மையைக் கூட்டி அச்சத்தையும் அருவருப்பையும் எளிதாக விளைவித்தார்கள் என்றால், அந்தக் கறை இங்கிருந்தும் படிந்ததுதான்.

நீல் ஜோர்டன் இயக்கிய 'தி க்ரையிங் கேம்' (1992) இன்னும் சிக்கலான நிகழ்வு. நாயகன் காதலிக்கும் பெண் ஒரு திருநங்கை என்பது ஒரு காட்சியில் அவள் உடல் வெளிப்படும்போது அவனுக்குத் தெரிகிறது. அவன் ஓடிச் சென்று வாந்தி எடுக்கிறான். படம் அத்தோடு நிற்பதில்லை. அதிர்ச்சிக்குப் பிறகும் அவர்களுக்கு இடையே உறவு தொடர்கிறது, அவளுக்காக அவன் சிறைக்கும் செல்கிறான். ஆனால் பிற படங்கள் கடன் வாங்கியது அந்த உறவை அன்று, வாந்தியை. உடலின் ஓர் உறுப்பைக் காட்டி 'இதுதான் உண்மை, இதுவரை கண்டது பொய்' என்று அறிவிக்கும் காட்சி பிறகு ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டது. அதைப் பார்க்கும் திருநங்கை ஒருவர் அரங்கில் என்ன உணர்ந்திருப்பார் என்று அதை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வேடமே இல்லாத இடம்

இங்கேதான் ஒரு தொடக்கநிலை வாசகர் உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டிய வேறுபாடு வருகிறது. சண்முகி மாமி மாறுவேடம். பாண்டியன் என்னும் உண்மை அதற்கு அடியில் இருக்கிறது. ஒரு திருநங்கை அணியும் புடவையோ ஒரு திருநம்பி அணியும் சட்டையோ மாறுவேடம் அன்று. அதற்கு அடியில் வேறொரு 'உண்மையான' ஆளைத் தேடுவதே பிழை. அவர்களைப் பொறுத்தவரை, வெளிப்படுத்துவதற்கு அஞ்சிப் பல ஆண்டுகள் அணிந்திருந்த பழைய உடைதான் வேடம்.

இந்தப் பிழை உயிரைக் குடிக்கக்கூடியது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1993இல் கொல்லப்பட்ட பிராண்டன் டீனா என்னும் இளைஞரின் கதையைக் கிம்பர்லி பியர்ஸ் 'பாய்ஸ் டோன்ட் க்ரை' (1999) என்னும் படமாக எடுத்தார். பிறப்பில் பெண்ணெனக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்ந்த பிராண்டனை, தங்களை ஏமாற்றியவராகவே அவரைச் சூழ்ந்திருந்த ஆண்கள் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையே வன்முறைக்கு உரிமம் ஆகிறது. மாறுவேட நகைச்சுவைகள் நமக்குப் பழக்கிய 'களைந்து காட்டுதல்' இங்கே வலுக்கட்டாயமாக உடையைக் களையும் கொடுமையாக வந்து நிற்கிறது. சிரிப்பும் கொலையும் ஒரே கருத்திலிருந்து பிறக்க முடியும் என்பதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

சிலி நாட்டு இயக்குநர் செபஸ்தியான் லேலியோவின் 'எ ஃபென்டாஸ்டிக் வுமன்' (2017) இதற்கு அமைதியான மறுப்பு. நாயகி மரீனாவாக நடித்தவர் தானியேலா வேகா என்னும் திருநங்கை. காவலர்களும் மருத்துவரும் இறந்துபோன காதலரின் உறவினர்களும் அவருடைய உடலைப் பற்றிய விடையைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். படம் அதை நமக்குக் கொடுப்பதே இல்லை. ஒரு காட்சியில் அவர் படுத்திருக்கிறார். பார்வை வழக்கமாகத் துருவும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் அவருடைய முகம் தெரிகிறது. வெளிப்படுத்தும் காட்சிகளின் கால் நூற்றாண்டு மரபுக்கு இந்த ஒற்றைக் காட்சி போதுமான பதில். 2018இல் வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதை இந்தப் படம் பெற்றது.

யார் நடிப்பது என்ற விவாதமும் இந்த வேறுபாட்டிலிருந்தே எழுகிறது. திருநங்கைப் பாத்திரத்தில் ஆண் நடிகர் ஒருவர் நடித்தால் என்ன, நடிப்பு என்பதே பிறராக மாறுவதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. திருநர் சமூகத்திலிருந்து வரும் பதில் வேறு கோணத்திலானது. படம் முடிந்ததும் அதே நடிகர் மீசை தாடியுடன் மேடையேறி விருது வாங்கும்போது, திருநங்கை என்பவர் அடியில் ஓர் ஆண்தான் என்ற பழைய நம்பிக்கையே பார்வையாளரிடம் உறுதிப்படுகிறது. படத்துக்குள் எவ்வளவு பரிவு இருந்தாலும் படத்துக்கு வெளியே அது மீண்டும் மாறுவேடமாகிவிடுகிறது.

தமிழில் 'சூப்பர் டீலக்ஸ்' (2019) படத்தை இந்த விவாதத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டுச் சென்ற கணவன் ஷில்பா என்னும் திருநங்கையாகத் திரும்பி வருகிறார். விஜய் சேதுபதி அந்தப் பாத்திரத்தை ஏற்று, சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதைப் பெற்றார். வீட்டுப் பெரியவர்கள் அதிர்ந்து நிற்கும்போது மகன் ராசுக்குட்டி மட்டும் சற்றும் தயங்காமல் அவர் கையைப் பற்றிக்கொள்கிறான். குறிகளைக் கூட்டி விடை காணும் பழக்கம் அந்தச் சிறுவனிடம் இன்னும் இறுகவில்லை; தன் தந்தை வந்துவிட்டார் என்பதே அவனுக்குப் போதும். தமிழ்த் திரையில் பாலினத்தைப் பார்க்கும் கண்ணைப் பற்றிய மிகச் சிறந்த காட்சிகளில் இது ஒன்று என்று கருதுகிறேன். ஆயினும் அந்த வேடம் ஏன் ஒரு திருநங்கை நடிகைக்குப் போகவில்லை என்ற கேள்வி அதன் சிறப்பால் மறைந்துவிடாது. 'பேரன்பு' படத்தில் அஞ்சலி அமீர் என்னும் திருநங்கை முக்கியப் பாத்திரம் ஒன்றில் நடித்து, அது நடக்கக்கூடியதே என்று காட்டியும் இருக்கிறார்.

அந்தக் கேள்வியையும் ஒரு படி மேலே கொண்டுசெல்ல வேண்டும். திருநங்கைப் பாத்திரங்களைத் திருநங்கைகளுக்குக் கொடுத்தால் மட்டும் போதாது. அப்படிக் கொடுக்கும்போதும் அவர்களுடைய பாலினம்தான் கதையாக இருக்கிறது. ஒரு வழக்கறிஞராக, ஓர் அத்தையாக, துப்பறியும் அதிகாரியாக ஒரு திருநங்கை நடிகை திரையில் வர வேண்டும். அவருடைய உடல் குறித்த விளக்கம் ஒன்றுகூட வசனத்தில் இடம்பெறாமல் கதை நகர வேண்டும். அத்தகைய பாத்திரங்கள் இன்றும் அரிதாகவே எழுதப்படுகின்றன.